‘பழசாயிடுச்சு’ என்பது பதில் இல்லை

வீட்டுக் கம்ப்யூட்டரில் பிரவுசர் அடிக்கடி ஹேங் ஆகிறது என்று யாரிடம் சொன்னாலும் ஒரே தீர்ப்புதான் வருகிறது: “சிஸ்டம் பழசாயிடுச்சு, மாத்திடுங்க.” கடைக்காரர் அதைத்தான் சொல்கிறார். இன்ஜினியரிங் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனும் அதையே சொல்கிறான். கொஞ்சம் இரக்கப்படுகிறவர்கள் மட்டும், “மொதல்ல ஒரு தடவ ஃபார்மட் அடிச்சுப் பாருங்க, அப்பவும் சரியாகலன்னா புதுசு வாங்கிக்கலாம்” என்று ஒரு வாய்தா கொடுக்கிறார்கள். இந்தத் தீர்ப்பை எதிர்த்துத்தான் எழுதுகிறேன். பெரும்பாலான வீடுகளில் இது தவறு. எப்போதாவது சரியாக அமைந்தாலும், பார்க்காமல் சொன்னது சரியாகிப் போனது என்பதைத் தாண்டி அதற்கு மதிப்பில்லை.

ஓசூரில் இருந்துகொண்டு இதைச் சகித்துக்கொள்வது எனக்குக் கூடுதல் கஷ்டம். சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். எங்கள் ஊரில் ஒரு மெஷின் நின்றால் என்ன நடக்கும் என்று இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். லைன் நின்ற நிமிஷத்தைக் குறித்துக்கொள்வார்கள். பிரேக்டவுன் ஸ்லிப் வரும். சரிசெய்து ஓடவிட்ட பிறகும் விடமாட்டார்கள். ‘வொய்-வொய்’ போடு என்பார்கள். ஏன் நின்றது, அது ஏன் ஆனது, அதற்கு ஏன் இடம் கொடுத்தோம் என்று ஐந்து முறை கேட்டு, கடைசி ஏனுக்குப் பதில் எழுதினால்தான் கையெழுத்து.

டொயோட்டாவில் இந்த முறையை வளர்த்தவர்களில் ஒருவரான தாய்ச்சி ஓனோ சொல்லும் உதாரணம் எங்கள் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி வரும். மெஷின் நின்றது, ஏன்? ஓவர்லோடில் ஃபியூஸ் போனது. ஓவர்லோடு ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாமல் இரும்புத் தூள் உள்ளே போனது. ஃபியூஸை மாற்றியதோடு நிறுத்தியிருந்தால் அடுத்த மாதம் மறுபடியும் நின்றிருக்கும். பழைய மெஷின் என்று தள்ளிவிட்டுப் புதிது வாங்கியிருந்தால், வடிகட்டி இல்லாத அந்தப் புது மெஷினுக்குள்ளும் தூள் போயிருக்கும்.

இந்த ஒழுக்கத்துக்காக உலக அளவில் பெயர் வாங்கிய ஊர் இது. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார் 2002இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அப்படிப்பட்ட ஊரில், பகலெல்லாம் ஸ்பிண்டில் சத்தத்தை வைத்தே பேரிங் கோளாறைச் சொல்லிவிடுகிற மனிதர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்ததும் “பழசாயிடுச்சு” என்று கைகழுவிவிடுகிறார். தொழிற்சாலையில் ஐந்து முறை ஏன் கேட்பவர் வீட்டில் ஒரு முறைகூடக் கேட்பதில்லை. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மத்திகிரியில் எங்கள் தெருவில் டூல்ரூம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, பழைய கம்ப்யூட்டர யாராச்சும் எடுத்துப்பாங்களா? எக்ஸ்சேஞ்ச்ல ஆயிரம் ரூபாதான் போடுவேங்கறான்.”

“ஏன் சார், என்னாச்சு?”

“நெட்ட ஓப்பன் பண்ணா அப்படியே நின்னுடுது. பென்ஷன் விஷயமா ஒரு ஃபார்ம் போடணும், மூணு தடவ பாதியில போச்சு. பழசாயிடுச்சாம். எட்டு வருஷம் ஆச்சுல்ல.”

“யாரு சார் பாத்தது?”

“கடைல இருந்து ஒரு பையன் வந்தான். ஆன் பண்ணான், சுத்துச்சு, பழசுன்னுட்டுப் போயிட்டான்.”

“உங்க டூல்ரூம்ல ஒரு ஃபிட்டர் இப்படிப் பாத்துட்டு மெஷின மாத்துன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா சார்?”

அவர் பதில் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பிரவுசரைத் திறந்து, அது தடுமாறத் தொடங்கியதும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் வந்தது. மேலே மூன்று எண்கள். சிபியு 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. மெமரி 94. டிஸ்க் 100. கடைக்காரப் பையன் இந்த ஒரு திரையைப் பார்த்திருந்தால் ‘பழசு’ என்ற சொல் அவன் வாயில் வந்திருக்காது. இன்ஜின் ஐந்தில் ஒரு பங்கு வேலைதான் செய்கிறது; கையைக் கட்டிக்கொண்டு எதற்கோ காத்திருக்கிறது. காத்திருப்பதற்கும் கிழடாகிப் போவதற்கும் சம்பந்தமில்லை.

எதற்குக் காத்திருக்கிறது? டூல்ரூம்காரருக்கு அவர் மொழியிலேயே சொன்னேன். ரேம் என்பது வொர்க் பெஞ்ச். ஹார்ட் டிஸ்க் என்பது ஸ்டோர்ஸ். பெஞ்சில் இடம் இருக்கும்வரை வேலை ஓடும். பெஞ்ச் நிறைந்துவிட்டால், இப்போது தேவைப்படாத டூலை ஸ்டோர்ஸில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தேவையானதை எடுத்துவர வேண்டும். கொஞ்ச நேரத்தில் முதலில் வைத்ததே மறுபடி தேவைப்படும். மறுபடியும் நடை. சுழலும் தட்டு உள்ள பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்க, ரேமில் எடுப்பதைவிடச் சுமார் ஒரு லட்சம் மடங்கு நேரம் ஆகும். பெஞ்சில் இருப்பதை எடுக்க ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு ஸ்டோர்ஸுக்கு ஆள் அனுப்பினால், மூன்று ஷிப்டும் முடிந்து மறுநாள் முதல் ஷிப்டில்தான் டூல் கைக்கு வரும். திரையில் சுற்றும் வட்டம் அந்த ஆள் திரும்பி வருவதற்கான காத்திருப்புதான்.

பெஞ்ச் ஏன் நிறைந்தது? அந்தக் கம்ப்யூட்டரில் 4 ஜிபி ரேம். அதில் ஏறக்குறையப் பாதியை விண்டோஸே எடுத்துக்கொண்டிருந்தது. மீதியில் இரண்டு ஆன்டிவைரஸ்கள்: ஒன்று வாங்கும்போதே கூட வந்தது, இன்னொன்று மகன் பெங்களூரிலிருந்து வந்தபோது போட்டுவிட்டுப் போனது. ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு வாட்ச்மேன்கள் தனித்தனியாகச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்து, பிரவுசருக்குள்ளேயே ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினேன். குரோம், எட்ஜ் போன்றவற்றில் இப்படிச் செய்தால் பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப் எவ்வளவு மெமரி எடுக்கிறது, எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தின்கிறது என்று பெயர் போட்டுக் காட்டும். அங்கே சாருக்குப் பெயரே தெரியாத மூன்று எக்ஸ்டென்ஷன்கள் இருந்தன. ஒன்று கூப்பன் தேடித் தருவது, ஒன்று பிடிஎஃப் மாற்றித் தருவது, ஒன்று வீடியோ இறக்கித் தருவது. திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் அவை உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தன.

அவை ஏன் வந்தன? பேத்தி ஒருநாள் ஒரு ஆவணத்தை பிடிஎஃப் ஆக்கப் போய், கேட்ட இடத்திலெல்லாம் சரி என்று அழுத்தியிருக்கிறாள். ஏன் யாரும் நீக்கவில்லை? அப்படி ஒரு பட்டியல் இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. ஐந்தாவது ஏனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஓனோவின் கதையில் வடிகட்டி இல்லை. இந்த வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

மூன்று எக்ஸ்டென்ஷன்களையும், ஒரு ஆன்டிவைரஸையும் எடுத்தோம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே தானாகக் கிளம்பும் ஏழெட்டு புரோகிராம்களை நிறுத்தினோம். முக்கால் மணி நேரம் ஆனது. அன்று சாயங்காலமே பென்ஷன் ஃபார்ம் போய்விட்டது. அடுத்த வாரம் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டியும், இன்னொரு 4 ஜிபி ரேமும் போட்டோம். கடையில் புது சிஸ்டத்துக்கு எழுதிக் கொடுத்த தொகையில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

“ஒரு வீட்டுக் கதையை வைத்துப் பொதுவாகப் பேசாதே” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதனால் உலகம் முழுவதும் தெரிந்த மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

2022 ஜனவரி 13. நமக்கு அது போகிப் பண்டிகை. அன்று பிற்பகல் நம் நேரப்படி உலகெங்கும் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் எந்தப் பக்கத்தையும் திறக்க முடியாமல் நின்றது. முந்தைய வாரம் வாங்கிய கம்ப்யூட்டரிலும் நின்றது, பத்து வருஷக் கம்ப்யூட்டரிலும் நின்றது. காரணத்தை மொசில்லா பிறகு வெளிப்படையாக எழுதியது. ஒரு கிளவுட் நிறுவனம் தன் சர்வர் அமைப்பில் எச்டிடிபி-3 என்ற புதிய இணைப்பு முறையைத் தானாக இயங்கும்படி மாற்றியது. ஃபயர்ஃபாக்ஸின் நிரலில் ஒரு தலைப்புச் சொல்லின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைக் கையாள்வதில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. இரண்டும் சந்தித்ததும் பிரவுசரின் நெட்வொர்க் வேலையைப் பார்க்கும் பகுதி முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டது. சில மணி நேரத்தில் சர்வர் பக்கத்திலேயே சரிசெய்தார்கள். அன்று போகித் தீயில் பழைய கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியவர் ஒருவர் இருந்தால், அந்தப் புதிதும் நின்றிருக்கும். காத்திருந்தவருடையது பைசா செலவில்லாமல் ஓடியது.

இரண்டாவது, இன்னும் வலிக்கும். ஃபயர்ஃபாக்ஸ் ஓடும்போது விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் சிபியுவை அளவுக்கு மீறி இழுக்கிறது என்று 2018இல் ஒரு புகார் பதிவானது. திருத்தம் வந்தது 2023 ஏப்ரலில். ஐந்து வருஷம். தவறு மென்பொருளில் இருந்த அந்த ஐந்து வருஷமும் பழி எதன் மேல் விழுந்திருக்கும்? மேசையில் பேசாமல் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரின் மேல்தான். திருத்தம் வந்த பிறகு, ஃபயர்ஃபாக்ஸ் ஓடும்போது டிஃபெண்டர் இழுக்கும் சிபியு சுமார் 75 சதவீதம் குறைந்தது என்று மொசில்லா தரப்பில் சொன்னார்கள். மெஷினின் வயது அன்று ஒரு நாள்கூடக் குறையவில்லை.

மூன்றாவது, யாருடைய பிழையும் இல்லாமல் நடந்தது. குரோம் 2008இல் வந்தபோதே ஒவ்வொரு டேப்பையும் தனித்தனிப் பெட்டியில் ஓட்டும் வடிவத்தோடு வந்தது. ஒன்று விழுந்தால் மற்றது விழாது. 2018 தொடக்கத்தில் ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டை வெளிவந்த பிறகு, ஒரே பக்கத்துக்குள் வரும் வெவ்வேறு தளங்களையும் தனித்தனிப் பெட்டிகளில் பிரிக்கத் தொடங்கினார்கள். பாதுகாப்புக்கு அது தேவை. அதற்கு விலையாக மெமரி 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே சொன்னது. 4 ஜிபியில் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்த 10 சதவீதம்தான் பெஞ்சுக்கும் ஸ்டோர்ஸுக்கும் நடுவே நடையைத் தொடங்கிவைத்தது. “நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு, இன்னைக்கு திடீர்னு ஆயிடுச்சு” என்று நம் வீடுகளில் சொல்வது பொய்யில்லை. வயது ஒரே இரவில் வராது. அப்டேட் வரும்.

அடுத்து ஃபார்மட். “ஃபார்மட் அடிச்சா சரியாயிடுது சார், நாங்க பாத்திருக்கோம்” என்பதுதான் இந்தக் கட்சியின் பெரிய சாட்சி. அந்தச் சாட்சி எனக்குத்தான் சாதகம். ஃபார்மட் அடித்தபோது ரேம் மாறியதா? டிஸ்க் மாறியதா? பிராசசர் இளைத்துப் போய் இளமை திரும்பியதா? எல்லாம் அதே பழைய சாமான்தான். அதே சாமான் இப்போது நன்றாக ஓடுகிறது என்றால், சாமான் காரணமில்லை என்று நிரூபணமாகிவிட்டது. ஃபார்மட் செய்தது, எக்ஸ்டென்ஷன்களையும் தானாகக் கிளம்பும் புரோகிராம்களையும் மொத்தமாகத் துடைத்தது. அவற்றை மட்டும் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் போதும் என்கிற இடத்தில், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியிருக்கிறார்கள். கல்யாண ஃபோட்டோவும், பிள்ளையின் புராஜெக்டும், பேக்கப் எடுக்காத டாலி கணக்கும் அந்த வீட்டோடு எரிந்த கதை இந்த ஊரில் எத்தனை பேரிடம் கேட்டாலும் கிடைக்கும்.

அதோடு போகிறதா என்றால், அதுவும் இல்லை. ஃபார்மட் ஆன கம்ப்யூட்டரில், அல்லது கடனில் வாங்கிய புதுக் கம்ப்யூட்டரில், பிரவுசரைத் திறந்து பழைய கணக்கில் நுழைகிறீர்கள். சிங்க் போட்டிருந்தால் பழைய புக்மார்க் வருகிறது, பாஸ்வேர்டு வருகிறது, கூடவே அந்தப் பழைய எக்ஸ்டென்ஷன்களும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வீடு மாறினோம், வாடகைக்கு இருந்தவனையும் கூட்டிக்கொண்டு போனோம். கொஞ்ச நாளில் வட்டம் மறுபடி சுற்றும். “இப்பல்லாம் புதுசே சரியில்ல” என்று அப்போது ஒரு புலம்பல் வரும்.

இன்னொரு நாட்டு வைத்தியம், “ஹிஸ்டரி, கேஷ் எல்லாம் அழிச்சுடுங்க” என்பது. கேஷ் என்பது ஏற்கெனவே பார்த்த பக்கத்தின் படங்களையும் துண்டுகளையும் பக்கத்திலேயே எடுத்து வைத்திருக்கும் இடம். வேகத்துக்காகவே இருக்கிறது. ஒரு தளம் மட்டும் கோணல்மாணலாகத் திறந்தால் அந்தத் தளத்துக்கான கேஷை அழிப்பதில் அர்த்தம் உண்டு. பிரவுசர் முழுக்க நிற்கிறது என்பதற்கு அதை அழித்தால், அடுத்த முறை எல்லாவற்றையும் நெட்டிலிருந்து மறுபடி இழுக்க வேண்டும். குக்கியையும் சேர்த்து அழித்தால் எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியே வந்து நிற்பீர்கள். ‘கிளீனர்’, ‘பூஸ்டர்’ என்று இறக்கிப் போடுவது இன்னும் மோசம். ஏற்கெனவே இடமில்லாத பெஞ்சில், பெஞ்சைத் துடைக்க ஒரு ஆளை ஏற்றி உட்கார வைத்தது போல.

சரி, எப்படித்தான் பார்ப்பது? மெயின்டனன்ஸில் செய்வதைத்தான் செய்ய வேண்டும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைக் குறித்துக்கொள். ஒரே ஒரு தளத்தில்தான் நிற்கிறதா, எல்லாத் தளத்திலுமா? ஒன்றில் மட்டும் என்றால் கோளாறு அந்தத் தளத்தின் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். இன்காக்னிட்டோ சாளரத்தில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். நாமாக அனுமதி தராதவரை எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. அங்கே நன்றாக ஓடினால் ஒரு எக்ஸ்டென்ஷனைச் சந்தேகப்படலாம். ஃபயர்ஃபாக்ஸில் ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட் மோட் என்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வீடியோ ஓடும்போது மட்டும் திரை உறைகிறதா? செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை நிறுத்திப் பாருங்கள். சரியானால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். வேறொரு பிரவுசரிலும் அதேபோல் நிற்கிறதா? அப்படியென்றால் பிரவுசரை விட்டுவிட்டு மெமரியையும் டிஸ்க்கையும் பாருங்கள். சி டிரைவ் விளிம்புவரை நிறைந்திருந்தால், பெஞ்சிலிருந்து இறக்கி வைக்க ஸ்டோர்ஸிலும் இடமில்லை என்று பொருள்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு காரணம் தனியாக உண்டு. பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைகளுக்கு அருகே வீடு இருந்தால் லேப்டாப்பின் காற்றுத் துவாரத்தை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். கல்தூள் படிந்து ஃபேன் மூச்சு முட்டினால் உள்ளே சூடு ஏறும். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசி தட்டினால் வேகம் திரும்பும். ஆறு மாத லேப்டாப்புக்கும் இது நடக்கும்.

எதிர்த்தரப்பில் இருக்கும் உண்மையை மறைக்க எனக்கு விருப்பமில்லை. சில கம்ப்யூட்டர்களை மாற்றித்தான் ஆக வேண்டும். 2 ஜிபி ரேமில், அதைக் கூட்டவும் வழியில்லாத போர்டில், இன்றைய இணையப் பக்கங்களை ஓட்டுவது சித்திரவதை. விண்டோஸ் 7க்கு குரோமின் 109ஆம் பதிப்போடு கதவு மூடிவிட்டது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் வராத கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்லும் பொறுப்பில்லாத ஆள் நானில்லை. ஆனால் இங்கேயும் காரணத்தைச் சரியாகச் சொல்லுங்கள். விண்டோஸ் 11 பல கம்ப்யூட்டர்களை மறுப்பது, அவை வேகமாக ஓடாது என்பதால் இல்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியோ, பட்டியலில் உள்ள பிராசசரோ அவற்றில் இல்லை என்பதால். அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டால் புதிய பிரவுசர் புதிய திருத்தங்களோடு ஓடும். இது நமக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை வீடுகளில் அதை ஒரு முறையாவது திறந்து பார்த்தோம்?

கடைக்காரர்கள் மேல் மட்டும் குற்றம் சொல்லவும் மாட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து காரணம் கண்டுபிடித்து, “ஒரு எக்ஸ்டென்ஷனை எடுத்தேன், முந்நூறு ரூபா குடுங்க” என்று ஒருவர் கேட்டால் நாம் கொடுப்போமா? “ஒரு பட்டன அமுக்குனதுக்கு முந்நூறா?” என்று சண்டைக்குப் போவோம். ஸ்பேர் மாற்றினால் காசு, ஓஎஸ் போட்டால் காசு, புது சிஸ்டம் விற்றால் கமிஷன். பார்த்துச் சொன்னதற்கு மட்டும் காசில்லை. காரணம் கண்டுபிடிப்பதை ஒரு வேலையாக நாம் மதிக்காததால்தான் அந்த வேலையை யாரும் செய்வதில்லை. டாக்டர் மருந்து எழுதாமல் அனுப்பினாலும் ஃபீஸ் கொடுக்கிறோம். இதற்கும் கொடுக்கப் பழகுவோம். உதிரிபாகத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை. பஸ் ஏறி அத்திப்பள்ளியைத் தாண்டினால், பெங்களூர் எஸ்பி ரோட்டில் எந்தப் பழைய போர்டுக்கும் ரேம் கிடைக்கும். எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதுதான் பாக்கி.

இதில் ஏன் இவ்வளவு வேகம் காட்டுகிறேன் என்றால், இந்தத் தீர்ப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதால்தான். சூளகிரியிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வந்து போகும் கான்ட்ராக்ட் தொழிலாளியின் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பது மாதக்கணக்கான இஎம்ஐ. அங்கே ஒரு பெண் பிள்ளை கவுன்சலிங் ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது திரை உறைந்தால், அவளுக்குத் தேவை இன்னொரு கடன் இல்லை. டாஸ்க் மேனேஜர் என்ற ஒரு திரை இருக்கிறது என்ற தகவல். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. கொடுக்கும் நாளில் எல்லாம் புதிதாகத்தான் இருக்கும். மூன்றாவது வருஷம் ஹேங் ஆகத் தொடங்கும். அப்போது அந்தப் பிள்ளைகள் கையில் காரணம் தேடும் பழக்கம் இருக்குமா, ‘பழசாயிடுச்சு’ என்ற ஒற்றைச் சொல் இருக்குமா என்பதை இன்று நாம் வீட்டில் பேசுகிற பேச்சுதான் தீர்மானிக்கும்.

மத்திகிரி சார் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு வேலை செய்தார். பழைய டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, டூல்ரூமில் மெஷினுக்கு ஒட்டுவது போலவே மானிட்டர் பக்கத்தில் ஒட்டினார். தேதி, என்ன ஆனது, ஏன் ஆனது, என்ன செய்தோம் என்று நான்கு கட்டங்கள். போன மாதம் போனபோது அதில் மூன்று வரிகள் இருந்தன. மூன்றாவது வரி பேத்தியின் கையெழுத்து: டேப் 41 திறந்திருந்தது, மூடினேன், சரியானது. “நீங்க சொல்லிக் குடுத்தீங்களா சார்?” என்று கேட்டேன். “இல்லப்பா, புதுசு வாங்கித் தா தாத்தான்னு வந்தா. எத பாத்து சொல்றேன்னு மட்டும் கேட்டேன். அவளே போய்ப் பாத்துட்டு வந்தா” என்றார்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது “பழசாயிடுச்சு” என்று சொன்னால், நீங்களும் அதையே கேளுங்கள். கடைக்காரரிடமும் கேளுங்கள். “எதப் பாத்துச் சொல்றீங்க?”